மை அழியும்வரை

நல்லாம்பாறை இடைத்தேர்தலின் முடிவு அறிவிக்கப்பட்ட மறுநாள் காலை, குணவதி கல்லில் கிடந்த தோசையைச் சுற்றி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய இடக்கைச் சுட்டுவிரல், வாக்குச்சாவடியில் மை வைத்தார்களே அந்த விரல், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து நீண்டு விறைத்து, பின்வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் தருமலிங்கத்தைக் காட்டியது. வாய் நிறைய நுரையோடு நின்ற தருமலிங்கத்தின் இடக்கைச் சுட்டுவிரலும் அதே நேரத்தில் எழுந்து அவளைக் காட்டியது. இருவரும் அப்படியே நின்றார்கள். தோசை கருகியது.

"கைய எறக்குங்க," என்றாள் குணவதி.

"நீ மொதல்ல எறக்கு."

"எறங்க மாட்டேங்குதுங்க."

"எனக்கு மட்டும் எறங்குதாக்கும்," என்று சொல்லிவிட்டு, நுரையைத் துப்பக்கூட மறந்து, தருமலிங்கம் தன் விரலை வலக்கையால் பிடித்து மடக்கப் பார்த்தான். மடங்கியது. விட்டதும் முளை போல மறுபடி எழுந்தது.

ஊரில் ஓட்டுப் போட்ட எல்லோருக்கும் அன்று காலை இப்படித்தான் ஆயிற்று. மதியத்துக்குள் டீக்கடைக்காரர்கள் விரலின் சட்டதிட்டங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கூடைச் சின்னத்தில் போட்டவருடைய விரல், முறச் சின்னத்தில் போட்டவரைக் கண்ணால் கண்டால் எழும். முறத்தில் போட்டவருடைய விரலும் அப்படியே. பல பேர் இருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் காட்டும். சுவர் மறைத்தால் விழும். இருட்டில் எழாது. சொந்தக் கட்சிக்காரர் நடுவில் சாப்பிட்ட குழந்தை மாதிரி தூங்கும். ஓட்டே போடாதவனுக்கு மையும் இல்லை, தொல்லையும் இல்லை. ஆனால் அவனை இரண்டு பக்கத்தாரும் உற்றுப் பார்த்தார்கள், விரலால் அடையாளம் காட்டப்படாதவனை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாமல்.

சோழர் காலத்தில் குடவோலை முறை என்று ஒன்று இருந்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். அந்தச் சிறுவனுக்கும் ரகசியம் தெரியாது, குடத்துக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வந்த ஆட்சிகளும் சட்டங்களும் ஒரு திரைச்சீலையையும் ஓர் அட்டைப் பெட்டி மறைவையும் கொண்டு அந்த ரகசியத்தை ஒருவாறு காப்பாற்றி வந்தன. நல்லாம்பாறையில் அது ஒரே காலைப் பொழுதில், தோசை கருகும் நேரத்துக்குள், முடிந்துபோனது.

கூடைக் கட்சியும் முறக் கட்சியும் முன்னொரு காலத்தில் ஒரே கட்சி. கூடையும் முறமும் ஒரே மூங்கிலைப் பிளந்து முடைந்தவைதானே என்று யாரும் அந்த ஊரில் சொல்வதில்லை, சொன்னால் இரண்டு பக்கமும் அடிப்பார்கள். ஒரு மாநாட்டு மேடையில் யாருக்கு யார் முதலில் மாலை போடுவது என்பதில் பிரிந்தவர்கள் இன்றுவரை சேரவில்லை. தேர்தல் அறிக்கைகளை ஒப்பிட்டுப் படித்த பொறுமைசாலிகள், பக்கங்களின் வரிசை மட்டும் மாறியிருப்பதாகச் சொல்வார்கள்.

குணவதியும் தருமலிங்கமும் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லாதவர்கள். மாவு மில் வைத்திருக்கிறவனுக்குக் கட்சி எதற்கு? கூடைக்காரரின் மிளகாயையும் முறக்காரரின் மிளகாயையும் அரைத்தால் ஒரே மாதிரிதான் தும்மல் வருகிறது. ஆனால் தேர்தலுக்கு முன்னால் கூடைக் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து குணவதிக்கு வெள்ளிக் கொலுசு கொடுத்து, கற்பூரம் ஏற்றி, அதன்மேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் முறக் கட்சிக்காரர்கள் வந்து பெரிய குக்கர் ஒன்றைக் கொடுத்து, அதே போலக் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்கள். வேண்டாம் என்றால் எதிர்க்கட்சி என்று ஆகிவிடும். வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் சாமி குத்தம். எனவே அந்த ஊரின் நாணயமான வீடுகள் எல்லாம் செய்ததையே இவர்களும் செய்தார்கள்.

"கொலுசு உனக்கு வந்தது. நீ கூடையில போடு," என்றான் தருமலிங்கம். "குக்கர் வீட்டுக்கு வந்தது. நான் முறத்துல போடுறேன். யாருக்கும் துரோகம் இல்ல."

"குக்கர்ல சமைக்கறது நானு. நீங்க கொலுசு போட்டுக்கிட்டு கூடைக்குப் போடுங்களேன்," என்று குணவதி சிரித்தாள்.

அவ்வளவுதான் அவர்களுடைய அரசியல். இரண்டு பரிசையும் வாங்கி ஒரே கட்சிக்குப் போட்டுவிட்டுத் துடைத்துக்கொண்டு போன வீடுகளில் விரல்கள் அமைதியாகக் கிடந்தன. சத்தியத்துக்குப் பயந்து ஓட்டைச் சரிபாதியாகப் பிரித்த வீடுகளில்தான் கணவனும் மனைவியும், மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும் சாப்பாட்டுத் தட்டைத் தாண்டி ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை விளக்கிச் சொல்லவும் வழி இல்லை. இரண்டு பக்கமும் வாங்கினோம் என்று எந்த வாயால் சொல்வது?

முதல் சில நாட்கள் ஊர் சிரித்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டரின் விரல் ஒவ்வொரு சீட்டாகக் காட்டிக்கொண்டு போனது. முடி திருத்தும் கடையில் கத்தி பிடித்தவரும் கழுத்தை நீட்டியவரும் ஒருவரையொருவர் சுட்டியபடி ஒரு வார்த்தை பேசாமல் சவரத்தை முடித்துக்கொண்டார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் விரல் தாலி கட்டும் நேரத்தில் மாமனாரைக் காட்டியது. மாமனாரின் விரல் பதிலுக்கு எழுந்தது. நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சீவாளியைக் கடித்துவிட்டார். அரசாங்க டாக்டர் நரம்பு என்றார். ஜோசியர் கேது என்றார். தாலுகா ஆபீஸுக்கு எழுதிப் போட்டதற்கு, மை விதிப்படிதான் வைக்கப்பட்டது, வாக்குப்பதிவு முடிந்த பிறகு விரல்கள் என்ன செய்கின்றன என்பது தங்கள் வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது.

நகச்சுத்திக்குச் செய்வது போல எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொள்வது முதலில் வந்த வைத்தியம். சந்தையில் எலுமிச்சை கிடைக்காமல் போனது. ஆனால் பழத்தோடு சேர்ந்தே விரல் எழுந்ததால், முன்பு உற்றுப் பார்த்தால் தெரிந்தது இப்போது தெருமுனையிலிருந்தே மஞ்சளாகத் தெரிந்தது. சிலர் குச்சி வைத்துக் கட்டினார்கள். கட்டிய விரல் எழ முடியாமல் முழங்கையைத் தூக்கியது. முழங்கையைக் கட்டியவர்களுக்குத் தோள் திரும்பியது. ஒன்றும் பலிக்காது என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றது.

பிறகு வண்டிகள் ஓட ஆரம்பித்தன. ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ரயில் பாதை போகிறது. நடுவில் ஒரு கேட். கேட்டுக்குக் கிழக்கே கூடைக்காரர்கள் கொஞ்சம் அதிகம், மேற்கே முறக்காரர்கள் கொஞ்சம் அதிகம்; அதுவரை அது யாருக்கும் தெரியாது. இப்போது கிழக்கே இருந்த முறக்காரர்கள் பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு மேற்கே வந்தார்கள். மேற்கே இருந்த கூடைக்காரர்கள் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனார்கள். வீட்டுக்கு வீடு சாவியை மாற்றிக்கொண்டார்கள். கேட்டில் எதிரெதிரே வண்டிகள் நின்றபோது ஓட்டியவர்களின் விரல்கள் எழுந்தன, ஆனால் ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள், அதுவே கடைசியாக வழி விட்டது. எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு விசித்திரமான அமைதி வந்தது. தெருவில் நடந்தால் ஒரு விரலும் எழவில்லை. மக்களுக்கு அது பிடித்துப்போனது. இத்தனை காலம் எப்படி இரண்டு பேரும் கலந்து வாழ்ந்தோம், நினைத்தாலே கூசுகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த அமைதிக்கு நடுவில்தான் பெட்டிக்கடை வரதன் கேட்டைத் தாண்டி மேற்கே வந்தான். பழைய கடையில் விட்டுப்போன பாக்குவெட்டியை எடுக்க வந்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். தெரு முழுவதும் விரல்கள் எழுந்து அவனைக் காட்டின. அத்தனை விரல்கள் ஒரே ஆளைக் காட்டுவதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த விரல்களுக்குச் சொந்தக்காரர்களுக்கே அது ஒரு மாதிரியான தைரியத்தைக் கொடுத்தது. அவனைக் கேட் வரைக்கும் நடத்திக்கொண்டு போய், மை வைத்த விரலை இரும்புக் கம்பிக்கு அடியில் வைத்து, கம்பியை இறக்கினார்கள். கிழக்கே இருந்தவர்கள் அடுத்த நாள் தங்களிடம் சிக்கிய ஒருவனுக்கு அதையே செய்தார்கள். அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டுகிறவர்களை இரண்டு பக்கத்தாரும் விரலோடு விடுவதில்லை என்பது ஊர் வழக்கம் ஆயிற்று.

குணவதியின் வீடு மேற்கே இருந்தது.

இரண்டு பக்கமும் வாங்கியது தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்று முதல் நாள் காலையிலேயே அவள் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டாள். அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள். விசாரிக்க வருகிறவர்களும் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே பார்க்காமல் பேசிவிட்டுப் போவார்கள். அவளுடைய யோசனை நல்ல யோசனைதான், ஒரே குறை, அதே யோசனை மற்றவர்களுக்கும் வந்தது. அந்தக் கோடையில் வேப்பிலைகளை வைத்துக் கணக்கெடுத்திருந்தால் பாதி ஊருக்கு அம்மை என்று சொல்ல வேண்டியிருக்கும். சுகாதார ஆய்வாளர் மருந்துப் பெட்டியோடு வந்து வீடு வீடாகக் கேட்டுவிட்டு, ஒருவர் உடம்பிலும் ஒரு கொப்புளத்தைக்கூடப் பார்க்க முடியாமல் திரும்பிப் போனார். பிறகு, வேப்பிலை செருகிய வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக இருட்டோடு இருட்டாகக் கிளம்பிப் போனார்கள், அல்லது பிடிபட்டார்கள். மேற்குப் பக்கத்தில் மூன்று வீடுகளில் மட்டும் வேப்பிலை காய்ந்து சருகாகித் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அருணகிரி முறக் கட்சியின் வட்டச் செயலாளர். குணவதியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த உறவை வைத்துத் தருமலிங்கத்தை மாப்ள என்பார். கேஸ் இணைப்பு வாங்கிக் கொடுத்தது அவர்தான். அவர் மனைவி சுலோச்சனா தினமும் இளநீர் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவாள்.

"குணா, எறங்கிருச்சாடி?"

"இன்னும் இல்லக்கா. மறுபடி ரெண்டு மூணு போட்டிருக்கு."

"உனக்கென்ன ஊர் அம்மையெல்லாம் மொத்தமா வந்திருக்கா? எங்க வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு, தங்கச்சி எப்ப வெளிய வரும்னு."

"சும்மா விசாரிச்சாரா, இல்ல..."

"சும்மாதான்டி," என்றாள் சுலோச்சனா. ஆனால் இளநீரை வைத்துவிட்டு அன்று வழக்கத்தைவிட வேகமாகப் போனாள்.

வீட்டுக்குள்ளே கணவனும் மனைவியும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இருட்டில் விரல் எழாது. எனவே தருமலிங்கம் மில்லிலிருந்து மதியம் சாப்பிட வரும்போது குணவதி ஜன்னல்களை எல்லாம் அடைத்து, இடுக்குகளில் பழைய புடவையைச் செருகி, பட்டப்பகலை இருட்டாக்கி வைப்பாள். அந்த இருட்டில் அவர்கள் தடவித் தடவிச் சாப்பிட்டார்கள். சாம்பார் என்று நினைத்து ரசத்தை ஊற்றிக்கொண்டார்கள். மை அழியட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இருட்டில் அவன் கையைப் பிடித்தால் மாவின் நெருநெருப்பு இருக்கும். அது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த கை.

முதலில் மாறியது அவன் பேச்சு. கிழக்குப் பக்கத்து வாடிக்கைகள் நின்றுபோனதால் மில் பாதி நாள் சும்மா கிடந்தது.

"அவனுங்க வேணும்னுதான் பண்றானுங்க," என்றான் ஒரு நாள் இருட்டில். "என் மில்ல மூடவைக்கணும்னு."

"அவங்க எப்படிங்க வருவாங்க? கேட்ல உங்க ஆளுங்கதான நிக்கறாங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. இருட்டில் தருமலிங்கம் சோறு மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"எங்க ஆளுங்களா?" என்றான். "அப்ப உங்க ஆளுங்க யாரு?"

"வாய் தவறிருச்சுங்க."

"இல்ல, கேட்டுக்கறேன். உங்க ஆளுங்க யாரு?"

"எனக்கு யாரு ஆளு? ஒரு கொலுசுக்காகப் போட்ட ஓட்டுங்க. நீங்கதான போடச் சொன்னீங்க?"

"நான் சொன்னா போட்டுருவியா? மனசுல இல்லாமயா கை போகும்?"

குணவதியைப் பயமுறுத்தியது அவன் கேள்வி அல்ல. அந்தக் கேள்விக்கு உள்ளே எங்கோ ஒரு பதில் கிளம்பியதுதான். மனதில் இருந்ததோ என்னவோ. குடிதண்ணீர்க் குழாய் போட்டது கூடைக்காரர்கள்தானே. வரதனின் விரலை முதலில் நசுக்கியது முறக்காரர்கள்தானே. அவள் அதற்கு முன் ஒருநாளும் இப்படி நினைத்ததில்லை. தன் விரலுக்குக் காரணம் சொல்லத் தன் மனம் ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அவன் மனமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கும். கருத்து முதலில் வரும், ஓட்டு பிறகு வரும் என்று குடிமையியல் புத்தகத்தில் எழுதியவர்கள் யாரும் இந்த மாதிரி ஒரு வீட்டில் இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அல்ல.

சில நாட்கள் கழித்துத் தருமலிங்கம் மதியம் வந்தவுடன் கை நீட்டி விளக்கைப் போட்டான். குணவதி திடுக்கிட்டுத் திரும்பினாள். இருவருடைய விரல்களும் எழுந்தன. அவன் விளக்கை அணைக்கவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து, இடக்கை விரல் அவள் நெஞ்சைக் காட்டியபடி இருக்க, வலக்கையால் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டான்.

"அணைச்சுருங்க," என்றாள்.

"இருக்கட்டும். இருட்டுல இருந்தா யாரு என்னன்னே தெரிய மாட்டேங்குது."

அன்றிலிருந்து குணவதிக்கு வாசலைவிட வீட்டின் உள்பக்கம் அதிகப் பயம் தந்தது. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் முன்பு கதவைப் பார்ப்பாள். இப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மில்லிலிருந்து வர நேரமானால், அருணகிரியோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறானோ என்று ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். கேட்டின் இரும்புக் கம்பி இறங்கும் சத்தம் ரயில் வரும்போதெல்லாம் கேட்டது. அவள் ஒவ்வொரு தடவையும் விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆனால் நகம் வளர்ந்துகொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்த முடியாது. ஒரு காலை, பாத்திரம் தேய்க்கும்போது குணவதி தன் இடக்கை விரலைப் பார்த்தாள். தோலில் இருந்த மை எப்போதோ போய்விட்டிருந்தது, நகத்தின் நுனியில் மட்டும் ஒரு கறுத்த பிறை மிச்சம் இருந்தது. தருமலிங்கம் எதிரே வந்து நின்றபோது விரல் பாதி தூரம் எழுந்து, தூக்கம் கலைந்தவன் மறுபடி சாய்வது போலச் சாய்ந்தது. அவள் நகவெட்டியை எடுத்து அந்தப் பிறையை வெட்டி எறிந்தாள். அதற்குப் பிறகு விரல் எழவே இல்லை. அசைத்துப் பார்த்தாள். அவள் சொன்னபடி அசைந்தது.

"ஏங்க, பாத்தீங்களா," என்றாள். "போயிருச்சுங்க. எல்லாம் போயிருச்சு. உங்க கையக் காட்டுங்க."

அவன் கையைப் பார்த்தான். அவனுடைய விரலும் சும்மா கிடந்தது. அவன் அதை வலக்கையால் தொட்டு, அழுத்தி, மெல்லத் தூக்கிவிட்டுப் பார்த்தான், அது விழுந்தது. செத்த கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பவன் மாதிரி நின்றான்.

"இனிமே எப்படித் தெரியும்?" என்றான்.

"என்னங்க தெரியணும்?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ஊர் முழுவதும் அதே கேள்விதான். விரல்கள் எழுந்தபோதுகூட மக்கள் இப்படிப் பயப்படவில்லை. எழுகிற விரல் ஒரு தொல்லை என்றாலும் ஓர் உறுதி. இப்போது யாரைப் பார்த்தாலும் யாராகவும் இருக்கலாம். டீக்கடையில் கிளாஸை வாங்குமுன் தருகிறவனின் கையை முகர்ந்து பார்த்தார்கள். சலவைக்காரர்கள் துணிக்கு அடையாளம் போடும் சேங்கொட்டையை உடைத்து அதன் பாலை நகத்தில் தடவிப் பார்த்தார்கள் சிலர். கறை பிடித்தது, தோல் வெந்து கொப்பளித்தது, விரல் எழவில்லை. அடுத்த தேர்தல் எப்போது என்று கேட்டுத் தாலுகா ஆபீஸுக்கு ஒரு கூட்டம் போனது. ஜனநாயகத்தின் மீது இத்தனை ஆர்வத்தை அந்த ஆபீஸ் கண்டதில்லை.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு அருணகிரி வந்து கதவைத் தட்டினார். ஜன்னல் இடுக்கு வழியாகக் குணவதி பார்த்தாள். தெருவே வந்திருந்தது. மற்ற இரண்டு வேப்பிலை வீட்டுக்காரர்களையும் ஏற்கெனவே வெளியே அழைத்து நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் கண் தெரியாத வயசாளி. இன்னொருத்தி கணவனை இழந்த கோமளம்.

"தங்கச்சி, வெளிய வாம்மா," என்றார் அருணகிரி. குரலில் ஒரு குறையும் இல்லை. "தலைக்குத் தண்ணி ஊத்தற நாளெல்லாம் தாண்டிருச்சே. அம்மா எறங்கியிருப்பா."

குணவதி தலையை ஒதுக்கிக்கொண்டு, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து வந்தாள். தருமலிங்கம் பின்னால் வந்து நின்றான். வெளிச்சத்தில் கண் கூசியது. தெரு மக்கள் எல்லோரும் இடக்கைகளை உயர்த்தி, விரல்களை அவள் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார்கள். அவளும் தன் கையை நீட்டினாள். ஒரு விரலும் அசையவில்லை. அத்தனை விரல்களும் வெந்த முருங்கைக்காய் மாதிரி தொங்கின. குணவதிக்குச் சிரிப்பு வந்தது. பல வாரமாக வராத சிரிப்பு. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் காட்டலயேண்ணே," என்றாள்.

"காட்டலதான்," என்றார் அருணகிரி. "காட்டுற காலத்துல நீ வெளிய வரல, காட்டாத காலத்துல வந்திருக்க. அதத்தான்மா நானும் யோசிக்கறேன்."

"அம்மை போட்டிருந்துச்சுண்ணே."

"போட்டிருக்கும். மூணு வீட்டுலயும் போட்டிருக்கும். யார் மூஞ்சிலயும் ஒரு தழும்பு இல்ல, அது அம்மனோட கருண." கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அருணகிரி சிரிக்கவில்லை. "பாரு தங்கச்சி, எனக்கு உன்மேல ஒண்ணுமில்ல. ஆனா தெருவுல பிள்ளைக்குட்டிக்காரங்க இருக்காங்க. யாருன்னு தெரியாம பக்கத்துல படுக்க முடியாது. இந்த மூணு வீட்டுலயும் யாருன்னு சொல்லிட்டா அந்த ஆளோட போச்சு. சொல்லலைன்னா மூணு வீட்டையும் மொத்தமா கேட்டுக்கு அனுப்பறதத் தவிர வேற வழியில்ல. மாப்ள, உன் மில்லும் அதுல அடக்கம். நீயும்தான்."

கோமளம் அழ ஆரம்பித்தாள். வயசாளி யாரையோ தேடுவது போலக் காற்றில் கையை அலைத்தார். தூரத்தில் கேட்டின் மணி அடித்தது.

குணவதி திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தெருமுனையில் தெரிந்த மில்லின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனுடைய வலக்கை எழுந்தது.

மை வைக்காத கை. யாரும் எதுவும் செய்யாத கை. அது மெதுவாக, கனமான மூட்டையைத் தூக்குவது போல எழுந்தது. பாதியில் ஒரு முறை நின்றது. பிறகு சுட்டுவிரல் நீண்டு அவளைக் காட்டியது.

"ஏங்க," என்றாள் குணவதி.

"கூடையில போட்டது இவதான்," என்றான் தருமலிங்கம். கோபம் இல்லை. மில்லுக்கு வந்த தூக்குவாளி யாருடையது என்று சொல்லும் குரல். "நான் இல்ல. அவங்க ரெண்டு பேரும் இல்ல. இவதான்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அது நிம்மதியின் பெருமூச்சு என்று குணவதிக்குத் தெரிந்தது. அருணகிரி ஒரு கணம் தருமலிங்கத்தின் வலக்கையைப் பார்த்தார், புதிதாக ஒரு சாமான் கிடைத்தவர் போல. தன் வலக்கையைப் பார்த்தார். அதைத் தூக்கி நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொரு வலக்கை. இன்னொன்று. முதலில் கூச்சத்தோடு, முழங்கை உடம்பை ஒட்டியபடி. பிறகு சுலபமாக, நேராக. கோமளம் கண்ணைத் துடைத்த கையாலேயே காட்டினாள். கண் தெரியாத வயசாளிக்குப் பக்கத்தில் நின்றவர் திசை சொல்லிக் கையைத் திருப்பிவிட்டார். எல்லோருக்கும் கடைசியாகச் சுலோச்சனாவின் கை, மறுகை வாயைப் பொத்தியிருக்க, எழுந்தது.

குணவதி விரல்களைப் பார்க்கவில்லை. விரல்களுக்குப் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்தாள். ஒரு முகமும் அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் கடைக்கண்ணால், பக்கத்தில் நிற்பவரின் கை எழுந்துவிட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.